முதியோர் கல்வி கையொப்பத்தோடு நின்றுவிடலாமா?

ஊராட்சி மன்றங்களின் தீர்மானப் புத்தகங்களைப் பார்வையிடுவது வட்டார வளர்ச்சி அலுவலர்களின் வழக்கமான பணிகளுள் ஒன்று. பழைய புத்தகங்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இடது பெருவிரல் ரேகைகளைக் காணலாம். அண்மைக் காலப் புத்தகங்களில் அவை அருகிப்போய்க் கையொப்பங்களே நிறைந்திருக்கின்றன. இதனைக் கண்டு மகிழ்வது இயல்பே. ஆயினும் அம்மகிழ்ச்சியைச் சற்றே நிறுத்தி வைத்து, கையொப்பமிட்டவர் அதற்கு மேலே எழுதியிருப்பதைப் படித்தாரா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

கையொப்பம் வேறு, எழுத்தறிவு வேறு. தம் பெயரின் ஐந்தாறு எழுத்துகளைக் கோலம் போடுவதைப் போல வரையக் கற்றவர்கள் நம் கிராமங்களில் ஏராளமாக இருக்கின்றனர். அதே எழுத்துகள் வேறொரு சொல்லில் வந்தால் அவர்களுக்கு அடையாளம் தெரிவதில்லை. இதில் கவலைக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. ரேகை வைப்பவருக்குப் பத்திரத்தை உரக்க வாசித்துக் காட்டி, அவர் கேட்டு ஒப்புக்கொண்டதாக அதன் கீழே எழுதுவது நெடுநாளைய வழக்கம். கையொப்பமிடுபவருக்கோ எவரும் வாசித்துக் காட்டுவதில்லை. அவர் படித்துப் பார்த்தே ஒப்பமிட்டார் என்றுதான் உலகம் கொள்ளும். ஆகவே, கையொப்பத்தை மட்டும் கற்றவர் ரேகை வைத்த காலத்தைவிடப் பெரிய ஆபத்தில் நிற்கிறார் எனலாம். கடன் பத்திரம், குத்தகைச் சீட்டு, சுய உதவிக் குழுவின் தீர்மானம், கிரயப் பத்திரம் ஆகிய எல்லாவற்றிலும் இதுவே நிலைமை.

முதியோர் கல்வியைக் கையொப்பத்தோடு நிறுத்தலாகாது என்பதும், எழுத்தறிவிலிருந்து எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரையில் அதனைக் கொண்டு செல்வதற்கு வழி இருக்கிறது என்பதும், அவ்வழியின் பெரும்பகுதி ஊராட்சியின் கையிலேயே இருக்கிறது என்பதும் இக்கட்டுரையில் நாம் எடுத்துரைக்க விரும்பும் செய்திகளாகும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். முதியோர் கல்வி என்னும் பெயர் முப்பது வயதுப் பெண்ணுக்குப் பிடிப்பதில்லை. "நான் என்ன கிழவியா?" என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வயது வந்தோர் கல்வி என்றே அரசு இப்போது எழுதுகிறது. பழக்கத்தினால் நாம் பழைய பெயரையும் இடையிடையே வழங்கினால், அன்பர்கள் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் அது குறிப்பதாகக் கொள்வாராக.

நம் நாட்டில் சமூக வளர்ச்சித் திட்டம் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பட்டபோதே சமூகக் கல்வி அதன் ஓர் உறுப்பாக இருந்தது. வட்டாரந்தோறும் சமூகக் கல்வி அமைப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். சமூக நிலையத்தில் வானொலிப் பெட்டியும், வாசக சாலையும், இரவுப் பள்ளியும் நடைபெற வேண்டும் என்பது அக்காலத்தின் கனவு. பின்னர் 1978-இல் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் வந்தது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் நிறுவப்பட்டது. அதன் பயனாக 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுந்த அறிவொளி இயக்கத்தை நம்மிற் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கின்றனர். பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுக்கொண்ட இயக்கம் அது. கல் குவாரிகளில் கூலிக்கு உழைத்த பெண்களும் அதில் எழுத்துக் கற்றனர். சைக்கிள் கற்ற பெண் தன் பாடத்தை மறக்கவில்லை, ஏனெனில் நாள்தோறும் அதனைப் பயன்படுத்தினாள். எழுத்துக் கற்றவரிற் பலர் மறந்தனர். வகுப்பு முடிந்தபின் அவர்கள் படிப்பதற்கு ஒன்றும் இல்லை, எழுதுவதற்கு ஓர் அவசியமும் இல்லை.

அதன் பிறகும் முயற்சிகள் ஓயவில்லை. 2009 முதல் 2018 மார்ச்சு வரை, பெண் எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களில் சாக்சர் பாரத் திட்டம் நடைபெற்றது. 2020-21-இல் நம் மாநிலத்தில் கற்போம் எழுதுவோம் இயக்கம் நடைபெற்றது. 2022-இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2027 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் தன்னார்வலர் திரண்டனர், பாடநூல் அச்சாயிற்று, தேர்வு நடந்தது, சான்றிதழ் வழங்கப்பட்டது. அதற்கு மறுநாள் மையத்தின் கதவு பூட்டப்பட்டது. முதற்படியை ஐந்தாறு முறை கட்டிவிட்டு இரண்டாம் படியைக் கட்டாமலே விட்டோம் என்றுதான் இவ்வரலாற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது.

2022-ஆம் ஆண்டுத் திட்டத்தில் இரண்டாம் படி காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது ஆறுதலான செய்தி. அத்திட்டத்துக்கு ஐந்து உறுப்புகள். அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் ஒன்று. வாழ்க்கைத் திறன்கள் ஒன்று. தொழில் திறன் ஒன்று. தொடர் கல்வி ஒன்று. எஞ்சிய ஒன்று அடிப்படைக் கல்வி என்பது. தொடக்க நிலை, நடுநிலை, உயர்நிலை ஆகியவற்றுக்குச் சமமான கல்வியை வயது வந்தோருக்கு அளிப்பதே இந்த அடிப்படைக் கல்வியின் பொருள். ஆனால் நம் மையங்களில் நடைபெறுவது பெரும்பாலும் முதல் உறுப்பு மட்டுமே. வாசிப்பு, எழுத்து, எண் என்று 50 மதிப்பெண் வீதம் 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. அதனோடு எல்லாம் முடிந்ததாகப் பதிவேடு கூறுகிறது.

யாருக்கு இக்கல்வி தேவை என்பதையும் நோக்குவோம். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றவர் 100-க்கு 80 பேர். ஆண்களில் ஏறத்தாழ 87 பேர். பெண்களில் 73 பேர். ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நால்வருள் ஒருவர் அன்று எழுத்தறியாதவர். இவர்களைத் தவிர, ஐந்தாம் வகுப்போடும் ஏழாம் வகுப்போடும் பள்ளியை விட்டவர்கள் ஒரு பெருங்கூட்டம். கணக்கெடுப்பில் இவர்கள் எழுத்தறிந்தவர் பட்டியலில் அடங்கிவிடுகின்றனர்; ஆகையால் எந்தத் திட்டத்தின் கண்ணிலும் படுவதில்லை. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்ட பெண், தந்தை இறந்ததும் ஏர் பிடித்த பையன், பூப்பெய்தியவுடன் வீட்டில் நிறுத்தப்பட்டவள் ஆகிய இவர்களுக்குத் தேவைப்படுவது அரிச்சுவடி அன்று. விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு ஓர் இடமே அவர்களுக்கு வேண்டும்.

இவ்வகையில் அண்டை மாநிலமாகிய கேரளம் செய்திருப்பது நாம் பார்த்துக் கற்கத்தக்கது. எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரலில் மாநிலம் முழுவதுமே அவ்வாறு அறிவிக்கப்பட்டது. அதனோடு அவர்கள் கடையைக் கட்டிவிடவில்லை. மாநில எழுத்தறிவு இயக்க ஆணையம் ஒன்றை அமைத்து, நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை வகுப்பு என்று படிப்படியாகச் சமநிலைத் தேர்வுகளை நடத்துகின்றனர். உள்ளாட்சி மன்றங்களே இவ்வகுப்புகளுக்குத் துணை நிற்கின்றன. ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மாள் 2018-இல் தமது 96-ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 மதிப்பெண் பெற்றார். கொல்லம் மாவட்டத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மாள் தமது 105-ஆம் வயதில் நான்காம் வகுப்புச் சமநிலைத் தேர்வில் தேறினார். அவர் மூன்றாம் வகுப்பில் பள்ளியை விட்டவர். இருவருமே இன்று இல்லை. வயது இவ்வளவு ஆனவர்களைச் செய்தித்தாள்கள் கொண்டாடியது சரியே. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று: அந்த மூதாட்டியர் ஒரு படியில் ஏறியபோது அடுத்த படி அங்கே தயாராக இருந்தது. "நான் அடுத்த தேர்வும் எழுதுவேன்" என்று ஒருவர் நம் ஊரில் சொன்னால், எங்கே எழுதுவது என்று அவருக்குச் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்?

அடுத்து, வயது வந்தவருக்குக் கற்பிக்கும் முறையைச் சிறிது விரிவாகக் கூறுவோம். தன்னார்வலராக முன்வரும் இளைஞர்கள் இடறி விழும் இடம் இதுவே. தமிழ் எழுத்துகள் 247 என்று பலகையில் எழுதிக் காட்டினால் முதல் நாளே பாதிப் பேர் எழுந்து போய்விடுவர். அவ்வளவையும் ஒவ்வொன்றாகக் கற்க வேண்டியதில்லை. ப, ட, ம என்னும் மூன்று எழுத்துகளும், புள்ளி, கால், மேல்விலங்கு ஆகிய மூன்று குறிகளும் போதும். படம், பாடம், படி, பாடி, பட்டி, பாட்டி, மடம், மாடி, மட்டம், பட்டம், பட்டா என்று ஒரு வரிசையே கிடைக்கும். உழவர் மாணவராக இருக்கும் வகுப்பில் பட்டா என்னும் சொல்லை முதல் வாரத்திலேயே எழுதச் செய்யுங்கள். தம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் காகிதத்தின் தலைப்பில் அச்சொல்லைத் தாமே கண்டுபிடித்த மனிதர் மறுநாள் வகுப்புக்கு வராமல் இரார்.

கணக்கு வகுப்பில் நிலைமை இன்னும் சுவையானது. எழுத்தறியாதவருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பது பெரும் பிழை. சந்தையில் கத்தரிக்காய் விற்கும் பெண் செய்யும் மனக்கணக்கை உயர்நிலைப் பள்ளி மாணவன் தாளும் எழுதுகோலும் கொண்டு செய்ய முற்பட்டால் பின்தங்கிவிடுவான். அவர்களுக்குத் தேவைப்படுவது வாய்க்கணக்கை எழுத்துக்கணக்காக மாற்றும் பயிற்சியே. பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கிறது. ஊரிலோ ஏக்கரும் சென்டும் வழங்குகின்றன. ஒரு ஏர் என்பது ஏறத்தாழ 2.47 சென்டு. பட்டாவில் 0.40.5 என்று கண்டால் அது ஒரு ஏக்கர், 0.81 என்றால் இரண்டு ஏக்கர். இதனை அறியாமல், தமக்கு அரை ஏக்கருக்கும் குறைவாகவே பதிவாகியிருக்கிறது என்று அஞ்சி அலுவலகத்துக்கு அலைந்தவர்களை நாம் அறிவோம். தசமப் பின்னம் என்னும் பாடத்தை இதைவிட நன்றாக நடத்த முடியுமா?

விழுக்காடு என்னும் பாடமும் அப்படிப்பட்டதே. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் குறைவாகத் தோன்றுகிறது. ஆண்டுக்கு 12 விழுக்காடு என்றால் மிகுதியாகத் தோன்றுகிறது. முன்னது ஆண்டுக்கு 24 விழுக்காடு என்பதை ஒருவர் தம் கையாலேயே பெருக்கிப் பார்க்க வேண்டும். 40,000 ரூபாய் கடனுக்கு முன்னதன்படி ஆண்டு வட்டி 9,600 ரூபாய். பின்னதன்படி 4,800 ரூபாய். உரச் சாக்கைக் கொண்டும் இப்பாடத்தை நடத்தலாம். டி.ஏ.பி. சாக்கில் 18-46 என்று அச்சிட்டிருப்பதன் பொருள் 50 கிலோ மூட்டையில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ என்பதாகும். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 விழுக்காடு, அதாவது 20.7 கிலோ. பூச்சி மருந்துப் புட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சின் கடுமையை வண்ணத்தால் குறிக்கும் அடையாளம் படிக்கத் தெரியாதவருக்கும் உதவும். ஆனால் எத்தனை மில்லியை எத்தனை லிட்டர் நீரில் கலப்பது, தெளித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்வது என்பவற்றை எழுத்துதான் சொல்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்குக்கும் அறிவியலுக்கும் வேண்டிய அடித்தளத்தில் பெரும்பகுதி இவ்வாறு வயலிலும் கடைவீதியிலும் கிடந்து நம்மை எதிர்நோக்கியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. கற்பவர் சிலர் ஒரு மாதம் வந்தும் எழுத்தைப் பிடிக்க முடியாமல் "என் மண்டையில் ஏறாது" என்று விலகிவிடுவர். அவர்களிற் பலருக்கு மண்டையில் குறை இல்லை, கண்ணில்தான் குறை. நாற்பது வயதைக் கடந்தால் கிட்டப்பொருள் மங்கலாகத் தெரிவது உடலின் இயற்கை. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியை அழைக்கும் பெண்ணுக்கு அச்சுப் புத்தகம் எப்படித் தெரியும்? நமது வட்டாரத்து மையம் ஒன்றில் கண் பரிசோதனை செய்வித்து மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தபின் நின்றுபோயிருந்தவர்கள் திரும்ப வந்தனர். ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி, வகுப்புத் தொடங்கும் வாரத்திலேயே இப்பரிசோதனையை நடத்திவிடுவது பாடநூல் வாங்குவதைவிட முந்திய காரியம்.

மையம் எங்கே அமைய வேண்டும் என்பது சிறு செய்தி போலத் தோன்றும். உண்மையில் அதுவே பாதி வெற்றியைத் தீர்மானிக்கிறது. தொடக்கப் பள்ளியை மாலையில் திறந்து வைப்பது எளிது. ஆனால் தம் பேரக்குழந்தை பகலில் உட்காரும் சிறு பலகையில் பாட்டி இரவில் உட்காரக் கூசுகிறார். கோயிலை ஒட்டிய சாவடியில் நடத்தினால் ஊரின் ஒரு பகுதியினர் வருவதில்லை. அவர்கள் வராததன் காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்வதுமில்லை. எல்லாத் தெருவினரும் தடையின்றி நுழையும் பொதுக் கட்டடமே மையத்துக்கு உரிய இடம். சமுதாயக் கூடமோ, ஊராட்சிச் சேவை மையமோ, நூலகமோ அவ்வாறு இருக்கக்கூடும். இல்லையென்றால் அவ்வாறு ஆக்குவது மன்றத்தின் கடமை. குடியிருப்பு தொலைவில் இருந்தால் அங்கே ஒரு கிளை வகுப்பு வைப்பதும் நல்லதே. ஆனால் வசதி என்னும் பெயரால் தெருவுக்கு ஒரு மையம் என்று பிரித்து வைப்பதை நாம் ஒப்பவில்லை.

நேரத்தைக் கற்பவர்களே குறிக்கட்டும். இரவு உணவு ஆக்கி முடித்தபின் ஏழரை மணிக்கு வருவதே எளிது என்று பெண்கள் சொல்லும் ஊரும் உண்டு. பிற்பகல் இரண்டு மணியே நல்லது என்று சொல்லும் ஊரும் உண்டு. நடவுக்கும் அறுவடைக்கும் வகுப்பை மூடிவிட வேண்டும். மூடும் நாளையும் திறக்கும் நாளையும் முன்கூட்டியே சுவரில் எழுதி வைத்தால் வகுப்பு உயிரோடு இருக்கிறது என்று ஊர் அறியும். போகும் வழியில் தெருவிளக்கு எரிய வேண்டும். இதற்குத் தனித் திட்டம் எதுவும் தேவையில்லை. தெருவிளக்குப் பராமரிப்பு ஏற்கெனவே ஊராட்சியின் வேலைதான்.

இனிச் சான்றிதழுக்குரிய வழிகளைச் சொல்வோம். தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வர்களுக்கென நடத்துகிறது. பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எவரும், பள்ளியின் வாசலையே மிதியாதவராயினும், இதனை நேரடியாக எழுதலாம். உச்ச வயது இல்லை. எட்டாம் வகுப்பில் தேறி, பதினான்கரை வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புத் தேர்வை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 35 பெற்றால் தேர்ச்சி. பலரும் தவறவிடும் செய்தி ஒன்று: அறிவியலில் செய்முறைத் தேர்வு உண்டு. தனித்தேர்வர் அதற்காக முன்னதாகவே பெயர் பதிந்து, குறிக்கப்பட்ட பள்ளியில் பயிற்சி வகுப்புக்குச் செல்ல வேண்டும். வருகை 80 விழுக்காடு இருத்தல் வேண்டும். தேர்வு நெருங்கும்போது விண்ணப்பிக்கலாம் என்று இருந்துவிட்டால் இப்பயிற்சி கைதவறிப்போய், ஓர் ஆண்டு வீணாகும்.

மற்றொரு வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம். 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்னும் பெயரில் மத்திய அரசு இதனை நிறுவியது. பதினான்கு வயது நிறைந்தவர் இதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாதவரும், அவ்வகுப்பைத் தொடரும் அளவுக்குக் கற்றிருப்பதாகத் தாமே உறுதி கூறிச் சேரலாம். குறைந்தது ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்கள். தேர்வு ஆண்டுக்கு இருமுறை. ஒரு பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டியதில்லை என்பதால், நடவில்லாத காலத்தில் ஒரு பாடம், அடுத்த பருவத்தில் இரு பாடம் என்று உழவர் குடும்பத்தார் பிரித்துக்கொள்ள இயலும். தமிழ் வழியிலும் எழுதலாம். கணிதத்தைத் தவிர்த்து வேறு பாடம் எடுக்கவும் இடமுண்டு. ஆனால் மேற்கொண்டு எதைப் படிக்கப் போகிறார் என்பதை எண்ணியே அவ்வாறு செய்தல் வேண்டும். இதன் தொடக்க நிலையில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குச் சமமான அடிப்படைக் கல்விப் படிப்பும் இருக்கிறது.

இளைஞர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரலாம். எட்டாம் வகுப்புத் தகுதியோடு சேர்ந்து இரண்டாண்டுப் பயிற்சியை முடித்தவர், பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களில் மட்டும் தேறி, பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் பெறவும் நம் மாநிலத்தில் வழி செய்யப்பட்டிருக்கிறது.

எந்தச் சான்றிதழ் எந்தப் பணிக்கு ஏற்கப்படும் என்பதை விண்ணப்பிக்குமுன் உரிய அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது அவசியம். இல்லாத ஆசையைக் காட்டி வகுப்புக்கு ஆள் சேர்ப்பதை நாம் கண்டிக்கிறோம். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கெல்லாம் அரசு வேலை காத்திருக்கவில்லை. முன்பு வாடகை ஊர்தி ஓட்டும் உரிமத்துக்கு எட்டாம் வகுப்புக் கேட்கப்பட்டது. 2019-இல் அந்த விதி நீக்கப்பட்டது. ஆக, ஓட்டுநர் ஆவதற்காக எட்டாம் வகுப்பு எழுதுங்கள் என்று இன்று சொல்வது பொய். நகரத்துக் கம்பெனியில் காவலராகவோ, மருத்துவமனையில் உதவியாளராகவோ, கடையில் கணக்கராகவோ சேரும்போது பத்தாம் வகுப்புச் சான்று கேட்கின்றனர் என்பது மெய். பத்தாம் வகுப்புத் தேறிய தாய் தன் மகளை ஏழாம் வகுப்போடு நிறுத்தச் சம்மதிக்கமாட்டாள் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். மன்றத்தில் உட்காரும் பெண் உறுப்பினருக்கு ஏற்படும் பயன் தனி. உள்ளாட்சியில் பெண்களுக்குச் சரிபாதி இடத்தை 2016-இல் சட்டம் ஒதுக்கியது. மதிப்பீட்டையும் செலவுச் சீட்டையும் தாமே படிக்கும் உறுப்பினரின் சார்பில் அவர் வீட்டு ஆண்கள் வந்து பேச வேண்டிய தேவை இராது.

நடைமுறையில் வழியை மறிப்பது பாடங்கள் அல்ல, காகிதங்களே. எட்டாம் வகுப்புத் தேர்வை முதன்முறை எழுதுபவர் பள்ளி மாற்றுச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ காட்ட வேண்டும். பள்ளிக்கே போகாத நாற்பது வயதுப் பெண்ணிடம் முன்னது இருக்க வழியில்லை. வீட்டில் பிறந்தவராகையால் பின்னதும் பெரும்பாலும் இல்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட பிறப்பைப் பதிவு செய்ய வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை தேவை. பதிவு இல்லை என்னும் சான்று, விண்ணப்பம், விசாரணை என்று மாதங்கள் செல்லும். ஆகவே வகுப்பில் பெயர் சேர்க்கும் அன்றே இக்காகித வேலையையும் தொடங்கிவிட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் ஒரு மாலை மையத்துக்கு வந்து உட்கார்ந்தால், தனித்தனியே பத்துப் பேர் பத்து நாள் அலைவது மிச்சமாகும். பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் ஆதார் அட்டையிலும் குடும்ப அட்டையிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அப்போதே பார்க்கவும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒருமுறை ஏறிவிட்ட பெயரையும் பிறந்த நாளையும் பின்னர் மாற்றுவது எளிதன்று.

புத்தகங்களுக்குக் கவலை வேண்டாம். 2006-07 முதல் 2010-11 வரை நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் நூலகம் அமைக்கப்பட்டது. அக்கட்டடங்கள் சில இடங்களில் நன்றாக இயங்குகின்றன. சில இடங்களில் சிமெண்டு மூட்டை அடுக்கப் பயன்படுகின்றன. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியில் ஊராட்சி வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் வசூலித்துச் செலுத்துகிறது என்பதை உறுப்பினர்கள் அறிவர். வரி செலுத்தும் ஊர், பாடநூல்களையும் பெரிய எழுத்துப் புத்தகங்களையும் மாவட்ட நூலகத்திடம் உரிமையோடு கேட்கலாம். அறையைக் காலி செய்து வெள்ளையடிப்பது மட்டும் நம் பொறுப்பு.

கற்பிப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுத்துக் கற்பிக்க மேல்நிலை வகுப்பு முடித்த ஊர்ப் பெண் போதும்; பல வேளைகளில் அவரே சிறந்தவர். எட்டாம் வகுப்புக்கு மேல் அது போதாது. ஆங்கிலமும் கணக்கும் நடத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையோ பட்டதாரி ஒருவரையோ வாரத்துக்கு இரு நாளேனும் வரச் செய்ய வேண்டும். அவருக்கு ஏதேனும் ஒரு மதிப்பூதியம் தேவை. பேருந்துக் கட்டணத்தையும் தம் கையிலிருந்து போட்டுக்கொண்டு வரும்படி ஒருவரை மூன்றாண்டுக் காலம் கேட்பது அறமாகாது. ஊரிலிருந்து வெளியூர் சென்று பணிபுரிவோரும் சுய உதவிக் குழுக்களும் இச்செலவைப் பகிர்ந்துகொண்ட ஊர்கள் உண்டு.

மூன்றாண்டு என்று நாம் சொன்னது வெறும் பேச்சுக்காக அன்று. எழுத்தே அறியாதவர் ஒழுங்காக வந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் பிடிக்கும். ஆறாம் ஏழாம் வகுப்போடு விட்டவருக்கு ஓர் ஆண்டு போதும். இவ்விரு திறத்தாரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் முன்னவர் வெட்குவர், பின்னவர் சலிப்படைவர். ஒரே கூடத்தில் இரு மூலைகளாகவேனும் பிரித்து வைக்க.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அவற்றுள் அடுத்து வரும் கூட்டத்துக்குமுன், எழுத்தறியாதவர் யார், இடையில் பள்ளியை விட்டவர் யார், எந்த வகுப்பில் விட்டார் என்று மூன்று கலங்களில் ஒரு பட்டியல் எழுதி வைக்கலாம். வீடு வீடாகச் செல்லும் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு இது ஒரு வார வேலை. ஆனால் பட்டியலைக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிக்க வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் வாசித்து, மையத்துக்கு இடமும், விளக்கும், நேரமும், பொறுப்பாளரும் குறித்துத் தீர்மானம் எழுதுவதே போதும். தேர்வு மையம் பெரும்பாலும் நகரத்தில் இருக்கும். ஐந்து நாள் கூலியையும் ஐந்து நாள் பேருந்துச் செலவையும் எண்ணியே பலர் கடைசி நேரத்தில் நின்றுவிடுகின்றனர். ஒரே ஊரிலிருந்து எட்டுப் பேர் எழுதினால் சேர்ந்து ஒரு வண்டியில் போய்வரலாம். தேர்வு எழுதும் தாயின் கைக்குழந்தையை வெளியில் வைத்துப் பார்த்துக்கொள்ள உடன் ஒருவர் செல்ல வேண்டும்; அவர் பெயரையும் அத்தீர்மானத்திலேயே எழுதிவிடுக.